முத்தம்மாக்காவின் கிட்னியை யாரும் கேட்கவில்லை

மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனுக்கு மருந்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். முன்னால் நிற்பவருக்கு எல்லாமே தெரியும். பலாங்கொடை டவுனில் பார்மசிஸ்டாக நின்று நான் படித்தது இதுதான். இதே தொழிலில் மாரடிக்கும் நண்பர்களே, உங்களுக்கு இது புதுசாக இருக்காது.

கொழும்பு மகன்

முத்தம்மாக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பல வருஷமாக இருக்கிறது. பிறகு இதயமும் தாளம் தப்பித் துடிக்கிறது என்றார்கள். இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விடாமல் இருக்க கிளினிக்கில் வார்ஃபரின் கொடுத்தார்கள். அதற்கு அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும்.

கொழும்பில் போன் கடை வைத்திருக்கும் மகன் ரவிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் கடைக்கு வந்து, சோதனை தேவைப்படாத புது மாத்திரை என்று ஒரு பெயரைப் போனில் காட்டினான். "அது கிட்னி வழியாத்தான் வெளியேறும். அம்மாவுக்குப் பழைய சீனி வருத்தம். கிட்னி ரிப்போட்டும் டொக்டர் மருந்து எழுதின துண்டும் கொண்டு வாங்க" என்றேன்.

"நான் மாத்திரை கேட்டேன், லெக்சர் கேக்கல."

பக்கத்துக் கடை

நாலு கடை தள்ளி அவனுக்கு அதே மாத்திரை துண்டில்லாமல் கிடைத்துவிட்டது. அந்தக் கடை முதலாளியிடம் நேரே போய், எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கல்லாவை விட்டு எழும்பவும் இல்லை.

"நீங்க ரிப்போட் பாருங்க, நாங்க யாவாரம் பாக்குறோம்."

ரெண்டு பேர் மனசு

மூன்று வாரம் கழித்து முத்தம்மாக்கா பல் முரசில் இரத்தம் வருகிறது, மருந்து தா என்று வந்தார். கையெல்லாம் கன்றிப்போயிருந்தது. எதைக் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து வார்ஃபரினையும் எடுத்தார், புது மாத்திரையையும் எடுத்தார். இரண்டும் இரத்தம் கட்டியாகாமல் தடுப்பவை; ஒன்றைக் குடித்தால் மற்றதைத் தொடக்கூடாது.

"மகன் வாங்கித் தந்தது, கிளினிக்ல தந்தது, ரெண்டு பேர் மனசும் நோகக்கூடாதுல்ல தம்பி."

கணக்கப்பிள்ளை

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், மத்தியானம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அக்கா பயந்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளைக்கு நானே போன் போட்டு, உள்ளுக்குள்ளும் இரத்தம் கசியலாம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சீனி வருத்தம்தானே, நாளைக்குப் போனா கரைஞ்சிருமா?"

போனை வைத்துவிட்டு, அக்காவைத் த்ரீவீலில் ஏற்றி நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ரிப்போட் வந்தது

கிட்னி பாதிகூட வேலை செய்யவில்லையாம். டொக்டர் இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார். இரத்தம் நின்றபின், அந்தக் கிட்னி தாங்கக்கூடிய வேறொன்றை அளவு பார்த்து எழுதினார். அக்கா பிழைத்துக்கொண்டார். துண்டோடும் ரிப்போட்டோடும் ரவி வந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று ஒரு நிமிஷம் நினைத்தது என் மடத்தனம்.

"ரிப்போட் இவ்வளவு முக்கியம்னு அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே."

கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மூளைக்கும் அப்படி ஒன்று வந்தால், முதல் மெஷினை எங்கள் கவுண்டருக்கு முன்னால்தான் வைக்க வேண்டும்.