அன்ரனுக்கு எந்தப் பூசை?

இந்த ஜேர்மன் நகரத்துக்கு வந்த முதல் ஞாயிறு, ஊர்ப் பழக்கத்தில் சப்பாத்தைக் கோயில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். பூசை முடிந்து வந்து பார்த்தால் சப்பாத்தைக் காணவில்லை. எங்கள் ஊரான நாயாற்றுப் பக்கத்திலும் கோயில் வாசலில் செருப்புக் களவு போவது புதிதல்ல. திருநாளுக்கு நல்ல சோடியைப் போட்டுப் போகிறவன் மடையன் என்பார்கள். ஆனால் இங்கே நடந்தது களவல்ல, கருணை. கோயிலைப் பராமரிக்கும் அம்மையார் அதை அகதிகளுக்கான உடுப்புப் பெட்டிக்குள் போட்டிருந்தார். காலுறையோடு நின்றபடி என் சப்பாத்தைச் சுட்டிக் காட்டினேன். "தாராளமாக எடுங்கள். அளவானால் இன்னொரு சோடியும் எடுங்கள்" என்றார். "அது என்னுடையது" என்றேன். "ஆம், இனி உங்களுடையதுதான்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

நான் இங்கே வந்தது கத்தோலிக்க வழிபாட்டியலில் முதுமாணிப் பட்டம் பெற. "பூசை காணவோ பிளேன் ஏறிப் போறாய்?" என்று அம்மா அப்போதே கேட்டார். தூபக் கலசத்தை யாருக்கு எத்தனை தரம் ஆட்டுவது என்று ஒரு பிற்பகல் முழுவதும் இங்கே விவாதித்திருக்கிறோம். ஆட்டுவதைப் பார்க்கக் கோயிலுக்கு வருவதோ சில முதியவர்கள், ஆளுக்கொரு வாங்கில் தனித்தனியே உட்கார்ந்திருப்பார்கள். பூசைக்கு ஆளில்லாத நாட்டில் பூசையைப் பற்றிய புத்தகங்களுக்கு மாடி மாடியாக நூலகம் இருக்கிறது. எங்கள் ஊரில் கோயிலுக்குள் இடமில்லாமல் வெயிலில் நின்று பூசை காண்பவர்களுக்கு வழிபாட்டியல் என்றால் என்னவென்றே தெரியாது.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது என் பெரியம்மாவின் கதையை. அவருடைய மகன் அன்ரன் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், கடைசி யுத்தத்தில் காணாமற் போனான். தொலைந்த பொருளைத் தேடித்தரும் புனிதரின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள். சில காலத்தின் பின், கார்த்திகையில் இறந்தோருக்கான பூசையில் அவனுடைய பெயரையும் வாசிக்கலாமே என்று பங்குத்தந்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஃபாதர், என்ர பிள்ளை செத்துப்போச்சுதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. ஒரு செபம்தானே."

"அப்ப செத்த சனத்தோட சேர்க்காதேங்கோ."

அடுத்து, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கான பூசை வந்தது. அதில் பேனைகளை ஆசீர்வதிப்பார்கள். பெரியம்மா ஒரு புதுப் பேனையோடு போய் அன்ரனின் பெயரைக் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் கொடுக்கிறார். பங்குத்தந்தையர் மாறுகிறார்கள், பாடத்திட்டம் மாறுகிறது; அன்ரன் மட்டும் இன்னும் அதே சோதனைக்கு இருக்கிறான். புதிதாக வந்த ஒரு பங்குத்தந்தை, "இவர் இன்னும் பாஸ் பண்ணேல்லையோ?" என்று ஒலிவாங்கியிலேயே சிரித்தாராம். கோயிலுக்குள் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

இதை வகுப்பில் சொன்னேன். இது இறந்தோர் சடங்கா, ஆசீர்வாதச் சடங்கா என்று ஒருவர் கேட்டார். அதற்குக் குருவானவர் போடும் பூசை உடுப்பு துக்கத்துக்கான ஊதாவா, வெள்ளையா என்பது இன்னொருவரின் கவலை. பெரியம்மாவுக்கு உளவளத் துணை கிடைக்கிறதா என்று ஒருத்தி விசாரித்தாள். குருவானவரான எங்கள் பேராசிரியருக்கோ முகமெல்லாம் வெளிச்சம். அருமையான ஆய்வுப்பொருள், அந்தத் தாயிடமே கேட்டுவிடுவோம் என்றார். தொலைபேசித் திரையில் பெரியம்மாவை அழைத்தேன்.

"அந்தப் பூசையில உங்களுக்கு என்ன உணர்வு வருகுதெண்டு கேக்கிறார், பெரியம்மா."

பெரியம்மா பேராசிரியரை உற்றுப் பார்த்தார். "உவர் பூசை வைக்கிறவரோ, படிப்பிக்க மட்டுமோ?"

"வைக்கிறவர்தான்."

"அப்ப உணர்வை விடச் சொல்லு. அன்ரனுக்கு ஒரு பூசை வைக்கச் சொல்லு. சோதனைப் பூசை. செத்தாக்களின்ர வேண்டாம்."

மொழிபெயர்த்தேன். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தான் எழுதிய தடித்த புத்தகத்தில் இதற்கு விதி இருக்கிறதா என்று தேடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பரீட்சை எப்போது?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அவரே பூசை வைத்தார். "பரீட்சை எழுதவிருக்கும் அன்ரனுக்காக" என்று மன்றாட்டில் சொன்னார். பிறகு இறந்தோரை நினைவுகூரும் இடம் வந்தது. அங்கே சற்று நிறுத்தி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் பெயர் சொல்லாமல் கடந்து போனார். என் மனம் மட்டும் அந்தப் பெயரை அங்கே சொல்லிவிட்டது. அதைப் பெரியம்மாவிடம் நான் சொல்லப் போவதில்லை.

வெளியே வரும்போது முன் வாங்கில் இருந்த முதியவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அன்ரன் உங்கள் சகோதரரா?"

பெரியம்மாவின் மகனுக்கு இவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. எங்களுக்கு அவன் அண்ணன். "ஆம்" என்றேன்.

"என்ன பாடம்?"

"கணிதம்."

"கடினமானது. பதற்றப்படாமல் எழுதச் சொல்லுங்கள்."

ஜேர்மன் மொழியில் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம், சொல்லுறன்" என்று வந்தது.