இருளப்பனின் மோரிஸ் திரிங்காப் மேட்டில் நின்ற கதை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் இருளப்பன். சின்ன வயதிலேயே புல்வெட்டும் கும்பலில் சேர்ந்தார். பிறகு தேயிலை ஃபேக்டரியில் இலை மூட்டை சுமந்தார். சுமந்துகொண்டே அங்கே ஓடும் எந்திரங்களை முறைத்து முறைத்துப் பார்த்தார். கடைசியில் அந்த ஃபேக்டரிக்கே ஃபிட்டர் ஆனார். யாரும் கைபிடித்துச் சொல்லித் தரவில்லை. அதை நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் அவரே சொல்வார். சொன்னால் என்ன தப்பு? உழைத்தவன்தானே சொல்ல முடியும்!

மலை ஊரான கம்போங் ராஜாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் சொந்தக் கார் நிறுத்திய முதல் ஆள் அவர்தான். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன மோரிஸ் மைனர். வாங்கும்போதே கிழம். இருளப்பன் கை பட்டதும் அது இளந்தாரி மாதிரி மலை ஏறியது.

எழுபத்தைந்தாம் வருஷம் விஜயதசமி அன்று மகள் அம்சவல்லிக்குத் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ. தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். பத்து மணிக்குள் போய் நிற்க வேண்டும். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அவ்வளவுதான், அவளும் அம்மாவைப் போலக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"முதல் பஸ்ல ஏத்தி விட்டுடு இருளப்பா. நல்ல காரியத்துக்குப் போற புள்ள" என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராஜநாயகம்.

"என்னா கிராணி, வாசல்ல சொந்தக் கெரெத்தாவ வச்சிக்கிட்டு எம்மவ பஸ்ல தொங்கிக்கிட்டுப் போவணுமா? ராணி மாதிரி கொண்டுபோயி எறக்குறேன், பாருங்க."

முதல் நாளே கம்போங் ராஜாவில் டாங்கி வழிய வழியப் பெட்ரோல் அடித்தாகிவிட்டது. ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுச் சூடமும் காட்டினார். காலையில் மனைவி வேலம்மா பின்சீட்டில், மகள் முன்சீட்டில். அம்சவல்லி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையைக் கசங்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலைந்து மைல் போயிருப்பார்கள். வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை.

"பனி" என்றார் இருளப்பன், இறங்குவதற்கு முன்பே. "கரண்டு போற மூடிக்குள்ள ஈரம் எறங்கிருச்சு." பானட்டைத் திறந்து, மூடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டினார். இதற்கே நேரம் ஓடிவிட்டது. பின்னால் வந்த பஸ் வேகம் குறைத்தது. கண்டக்டர் தலையை நீட்டினான்.

"என்னாண்ணே, புள்ளைய ஏத்தி விடுறீங்களா?"

அந்த நேரம் பார்த்துச் சாவியைத் திருப்பினார். புர்ரென்று பிடித்துக்கொண்டது!

"நீ போ லா தம்பி! ஒனக்கு முன்னாடி நாங்க அங்க இருப்போம்!"

பஸ் போய்விட்டது. "ஏத்தி விட்டிருக்கலாம்" என்று வேலம்மா முணுமுணுத்தது அவர் காதில் ஏறவில்லை.

திரிங்காப் மேட்டில், முட்டைக்கோஸ் தோட்டத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் இருமல். மறுபடியும் நின்றது. இந்தத் தடவை துடைத்தும் பயனில்லை. ஒயரைக் கழற்றிப் பார்த்தார். நெருப்புப் பொறி நன்றாகத்தான் வந்தது. அப்படியானால் பனி இல்லை. சாவியைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். பெட்ரோல் இழுக்கிற பம்ப் 'டக் டக்' என்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. ஸ்பேனரால் தட்டினார். சத்தமே இல்லை.

பம்ப் செத்துவிட்டால் புதுசு வாங்க மலை இறங்கி ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். ரோட்டில் ஈ காக்காய் இல்லை. அம்சவல்லி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"என்னாங்க, டாங்கியில எண்ண இருக்கா பாருங்க" என்றாள் வேலம்மா.

"ஏய், யாரப் பாத்துக் கேக்குற? நேத்துத்தான ரொப்பிக்கிட்டு வந்தேன்!"

"ரொப்புனீங்க, சரி. இருக்கான்னுதான கேட்டேன்."

"கண்ண நல்லா தெறந்து பாரு! தெறந்து காட்டுறேன், அப்புறம் பேசு."

விறுவிறுவென்று பின்னால் போய் டாங்கி மூடியைத் திருகினார். அது இறுகிக்கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். 'ஸ்ஸ்ஸ்...' என்று மூடி ஒரு பெருமூச்சு இழுத்தது. முன்பக்கம், யாரும் தொடாமலே, 'டக் டக் டக் டக்'!

"அப்பா! பம்ப் அடிக்குது!" அம்சவல்லி கத்தினாள்.

இருளப்பன் மூடியைத் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. அந்த ஓட்டைக்கு மேலேதான் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து சிமெண்டு மாதிரி இருந்தது. காற்று போக வழியில்லாமல் டாங்கி பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொண்டது; பம்ப் இழுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டது. முதல் தடவை, துடைத்த நேரத்தில் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போனதால்தான் வண்டி ஓடியிருக்கிறது.

வேலம்மா எட்டிப் பார்த்தாள். "நேத்து யாரு பொட்டு வச்சது?"

"சாமி காரியத்துல கஞ்சத்தனம் பாப்பாங்களா?"

"அதுக்கு மூக்க அடச்சா பொட்டு வைப்பாங்க?"

இருளப்பன் கையை நீட்டினார். அவள் முந்தானை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். ஓட்டையைக் குத்திச் சுத்தம் பண்ணி, மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு!

அதன் பிறகு வண்டி எங்கும் நிற்கவில்லை. தானா ராத்தாவில் போய் நிற்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் "அம்சவல்லி! அம்சவல்லி!" என்று இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி நின்றும் நிற்காமலும் அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். இருளப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். வேலம்மா ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குத்திக்காட்டவில்லை.

மத்தியானம் அம்சவல்லி சிரித்துக்கொண்டே வந்தாள். "மெடிக்கல் பாக்க வரச் சொல்லிட்டாங்கப்பா. அப்படின்னா எடுத்துட்டாங்கன்னுதான் அர்த்தமாம்."

இருளப்பன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, துடைத்த கார்க் கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

சாயந்திரம் கிராணி விசாரிக்க வந்தபோது பழைய குரல் வந்துவிட்டது. "வழியில நின்னுச்சு கிராணி. வேற எவனா இருந்தாலும் பம்ப்பக் கழட்டி வீசிட்டு ஒக்காந்திருப்பான். நான் மூடி இழுத்த மூச்ச வச்சே கோளாறப் புடிச்சேன்!"

உள்ளேயிருந்து வேலம்மா இருமினாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்சவல்லி தாதி உடுப்போடு ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து லீவில் வந்திருந்தாள். மோரிஸுக்கு நெற்றி நிறையப் பொட்டு, நாலு சக்கரத்துக்கும் பொட்டு. டாங்கி மூடிக்கு மட்டும் ஒரு செவ்வந்திப் பூ. அந்த வருஷம் சந்தனக் கிண்ணம் வேலம்மா கையில் இருந்தது.