முட்டை வண்டியின் சத்தம்

முட்டைக்காரரைப் போல வண்டி ஓட்ட ஆள் கிடையாது. பின்னால் தட்டுத் தட்டாக முட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு, குண்டும் குழியுமான சாலையில் ஒரு முட்டைகூட விரிசல் விடாமல் கொண்டுபோய் இறக்குவார். பள்ளம் வருவதற்கு முன்பே அவர் கால் பிரேக்கைத் தேடும். அவ்வளவு பக்குவம். அந்தப் பக்குவத்தில் கால்வாசி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த மனுஷிக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. சரி, எடுத்த எடுப்பிலேயே முட்டைக்காரரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? முதலில் வண்டியைச் சொல்கிறேன்.

மகளைக் கட்டிக்கொடுத்து, அவள் தூர ஊருக்குப் போன பிறகு வாங்கிய பிக்கப் வண்டி அது. ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிக் களைத்துக் கைகழுவியது. கதவு ரப்பரெல்லாம் காய்ந்து விறைத்துப்போயிருந்தது. காலடியில் வெறும் தகரம். முதுகுக்குப் பின்னாலும் வெறும் தகரம். டயரோ, சேற்றுக்கும் சகதிக்கும் போடுகிற முரட்டு டயர். தார் ரோட்டில் ஏறினால் ஊளையிடும். பைபாஸில் சிமென்ட் ரோடு ஆரம்பித்ததும் இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அப்புறம் உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் வாயசைப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்குள் உட்கார்ந்துதான் அவர் மனைவி தினமும் பேசிக்கொண்டு வந்தாள். எந்தக் கடைக்கு எத்தனை தட்டு என்பது அவள் தலைக்குள் இருந்தது. இறக்கிக் கொடுப்பதும் அவள்தான். இடைப்பட்ட நேரமெல்லாம் பேச்சு. பெரிய குரலும் இல்லை. முட்டைக்காரர் காதில் நாலில் ஒரு வார்த்தை விழுந்தால் அதிகம். ஆனால் மனுஷன் கெட்டிக்காரர், ஒரு வழி கண்டுபிடித்துவைத்திருந்தார். கண் சாலையில் இருக்கும், ஓரக்கண் அவள் வாயில் இருக்கும். வாய் நின்றதும் தலையை ஒரு ஆட்டு ஆட்டி, "சரி, பாத்துக்கலாம்" என்பார். அவள் சிரித்தால் இவரும் சிரிப்பார். முகம் சுளித்தால், "அட, விடு". இந்த மூன்றை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டினார், கேட்டுக்கொள்ளுங்கள்!

சில நேரம் மாட்டிக்கொள்வார். மச்சான் குடும்பத்தோடு வந்து தங்குவதற்கு இப்படித்தான் ஒருமுறை தலையாட்டிவைத்திருந்தார். பெட்டி படுக்கையோடு வாசலில் அவர்கள் நின்றபோது முட்டைக்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை. "நீங்கதானே சரின்னீங்க?" என்று கேட்டு, மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவரும்தான் சிரித்தார்.

ஒரு காலையில், வண்டிக்குக் கிளம்பும் முன், அடுப்படியில் சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது மச்சினி வாயைத் திறந்தாள். அவள் மடியில் மகள் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடியே அக்கா அத்தான்கிட்ட சொன்னாளாம். நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்கு, படியேறினா மூச்சு வாங்குதுன்னு. வண்டில போறப்ப சொன்னாளாம். அத்தான் 'சரி, பாத்துக்கலாம்'னாராம். அவரே பாத்துக்கலாம்னுட்டாரு, நான் எதுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டுன்னு எங்கிட்ட சொன்னா."

மகள் எழுந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. "அப்பா, அம்மா சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்குக் கேக்கலைம்மா. வண்டில சத்தம்..."

"வண்டில சத்தமா?" என்றாள் மகள். அவ்வளவுதான். ஊருக்குப் போன பிறகு போனில், "சாப்பிட்டீங்களா? சரி, வைக்கிறேன்" என்று ஆனது. பிறகு அதுவும் குறைந்து, சித்தியிடம் பேசி அப்பாவின் சேதியைத் தெரிந்துகொள்கிற அளவுக்கு வந்தது. அந்த வண்டியில் அவள் ஒருநாள்கூட ஏறியதில்லை. அது போடும் சத்தம் அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டும் கேட்காததுபோல் இருந்தவன் நான் இல்லை என்று மகள் நம்ப வேண்டும். முட்டைக்காரருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தொழிலை விட முடியுமா? தனியாக ஓட்டினார். அப்போதுதான் அது ஆரம்பித்தது.

பைபாஸில், வழக்கமாகப் போகும் வேகத்தில், பக்கத்து சீட்டிலிருந்து பேச்சு வந்தது. சத்தியமாக வந்தது. அவசரமில்லாத, தாழ்ந்த குரல். வார்த்தை பிடிபடவில்லை, ஆனால் குரல் அவளுடையதுதான். முட்டைக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் சீட். வேகத்தைக் குறைத்தார், குரல் தேய்ந்தது. நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார், ஒன்றும் இல்லை. மறுபடி வேகம் பிடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் வந்தது. பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை அவர். அதனால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

சில நாளில் பதில் பேசத் தொடங்கினார். "என்ன? இன்னொரு தடவை சொல்லு" என்று அவர் கத்துவதைப் பார்த்து, பக்கத்தில் வந்த லாரிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்தக் குரல் கொஞ்ச தூரம் போய், கேள்வி கேட்பதுபோலக் கடைசியில் சற்று உயர்ந்து, நிற்கும். ஒருநாள் அது நின்ற இடத்தில் முட்டைக்காரரின் தலை தானாக ஆடியது. "சரி, பாத்துக்கலாம்" என்று வாயும் சொல்லிவிட்டது.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் வண்டியில் முட்டை உடைந்தது. அப்படி ஒரு பிரேக் போட்டார்.

அந்த வாரமே மகள் போன் செய்தாள். "அடுத்த வாரம் வரேன்பா. அம்மா துணிமணியெல்லாம் எடுத்து ஒழுங்குபண்ணணும். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்களே வாங்க. அந்த வண்டியிலயே வாங்க."

அந்த வண்டியிலேயே வாங்க என்றாளே! முட்டைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராக சீட் கவர் தைக்கிற கடைக்குப் போனார். வண்டிக்குள் சத்தம் குறைக்கிற வேலையும் அங்கேதான் நடக்கும்.

கடைக்காரர் பேச்சுக்காரர். கதவைத் திறந்து, விரல் முட்டியால் தகரத்தைத் தட்டினார். டங்கென்றது. "அண்ணே, இது வண்டியா, தகர டப்பாவா? இதுக்குள்ள உக்காந்தா காது என்னத்துக்கு ஆகும்?"

"எம்மக வரா தம்பி. பக்கத்துல உக்காந்து அவ மெதுவா பேசினாலும் எனக்குக் கேக்கணும். ஒரு வார்த்தை தவறக் கூடாது."

"ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க. உங்க மனசாட்சி பேசுறதே கேக்கும் பாருங்க" என்று சிரித்தார் அந்தப் பாவி. அவருக்கென்ன தெரியும்!

முட்டைக்காரர் விட்டுவிட்டுப் போகவில்லை. கூடவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். சீட்டைக் கழற்றித் தரையைச் சுரண்டித் துடைத்து, வெள்ளிக் காகிதம் ஒட்டிய தார் ஷீட்டை வெட்டி ஒட்டினார்கள். சூடுகாட்டி, சின்ன உருளையால் காற்று நிற்காமல் அழுத்தினார்கள். முதுகுத் தகரம், கதவின் உள்பக்கம், கூரை, எதையும் விடவில்லை. அதன் மேல் ஃபோம், அதற்கும் மேல் கார்ப்பெட். ஒயர் நுழைகிற ஓட்டைகளை அடைத்தார்கள். கதவுக்குப் புது ரப்பர் போட்டு, இடையில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தார்கள். தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. டயரையும் மாற்றச் சொல்லிவிட்டார். கடைசியில் கடைக்காரர் தட்டிக் காட்டினார். தலையணையில் தட்டினாற்போல் டொப்பென்றது.

மகளுக்காக என்று அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் மனசுக்குள் இன்னொன்றும் இருந்தது. சத்தத்தைச் சலித்து எடுத்துவிட்டால் குரல் மட்டும் மிஞ்சும், அவள் சொன்னதை அவள் வாயாலேயே ஒருமுறை கேட்டுவிடலாம் என்று நினைத்தார். பைத்தியக்கார நினைப்புதான். ஆனாலும் நினைத்தார்.

பைபாஸில் ஏறினார். அதே வேகம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். குரல் வரவில்லை. வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி போனார். இல்லை. "பேசு. இப்பக் கேக்கும், பேசேன்" என்று கெஞ்சினார். ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். இருந்த கொஞ்சத்தையும் தானே ஷீட் ஒட்டி விரட்டிவிட்டதாகப் பட்டது அவருக்கு.

மகள் வந்தாள். இளைத்திருந்தாள். பையைக் காலடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். "பைபாஸ் வழியா போங்கப்பா" என்றாள்.

"அது சுத்து வழிம்மா."

"பரவாயில்ல."

போனார். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். "அம்மாவோட போறப்பவும் இதே வேகம்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். சிமென்ட் ரோடு வந்தது. அவள் சாலையைப் பார்த்தபடியே, குரலை உயர்த்தாமல், "ரெண்டு நாளா நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்குப்பா" என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டியை ஓரம்கட்டினார். "என்னம்மா சொல்ற? எப்பலேருந்து? வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்..."

"எனக்கு ஒண்ணும் இல்ல." அவள் இப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "கேக்குதேப்பா. நல்லாத்தானே கேக்குது! உங்கள நம்பணும்னுதான் இவ்ளோ தூரம் வந்தேன். இதுல ஏறி உக்காந்து, இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுன்னு என் காதாலயே கேட்டுட்டுப் போயிடணும்னு வந்தேன்."

முட்டைக்காரருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனார். "ஐயோ, இல்லம்மா, இது இப்படி இல்ல. இது இப்பப் பண்ணினது. இங்க பாரு, இங்க பாரு" என்று குனிந்து, அவள் காலடிக் கார்ப்பெட்டைப் பிடித்து இழுத்தார். ஃபோமைக் கிழித்தார். உள்ளே வெள்ளிக் காகிதம் புத்தம் புதுசாகப் பளபளத்தது. "வெறும் தகரம்மா. டயர் வேற. ஒண்ணுமே கேக்காது. நீ வரேன்னதும் போன வாரம்தான், நீ பேசுறது கேக்கணும்னு..." அவருக்கு மூச்சு வாங்கியது.

அவள் குனிந்து அந்த ஷீட்டைத் தொட்டுப் பார்த்தாள். அதன் ஓரத்தில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிப்பா. நம்புறேன். உங்களுக்குக் கேக்கல."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அத்தனை மாதம் செத்துப் பிழைத்தார்! நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தார். வண்டியை மறுபடி எடுத்தார்.

கொஞ்ச தூரம் போனதும் மகள் கேட்டாள். "இதைப் பண்ண எவ்ளோ நாளாச்சுப்பா?"

"ரெண்டே நாள்தான்" என்றார், சந்தோஷத்தோடு.

"ரெண்டு நாளா?"

அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. அடுத்ததைக் கேட்டபோதுதான் உறைத்தது.

"இந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா கேக்கவே இல்லையாப்பா? நாலு வருஷத்துல ஒரு தடவைகூட?"

முட்டைக்காரர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவள் வாய் அசைந்த நாட்கள் எத்தனையோ நினைவுக்கு வந்தன. கேட்டிருக்கலாம். தினமும்கூடக் கேட்டிருக்கலாம்.

"தெரியலைம்மா" என்றார்.

மகள் அவர் கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டுதான் அழுதாள். வீடு வந்து சேரும்வரை அவள் மூச்சு ஒவ்வொன்றும் அவருக்குக் கேட்டது.