செஞ்சிக் கோட்டை வாசலில் செல்ப் எடுக்காத வண்டி

திண்டிவனத்துல இருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர்தான். ஆனா நான் கோட்டையைப் பார்த்தது போன வியாழக்கிழமைதான். பேத்தி மலருக்கு வல்லத்துல ஒரு பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சர் வேலை. அன்னிக்குப் பன்னண்டு மணிக்கு வகுப்பு எடுத்துக் காட்டணும், பிடிச்சிருந்தா சேர்த்துக்குவாங்க. வல்லம் செஞ்சிக்குப் போற வழிதான். முதல்ல கோட்டை, திரும்பும்போது பள்ளிக்கூடம்னு அவளே முடிவு பண்ணி, புது பைக்ல என்னை உட்கார வெச்சுக்கிட்டா.

ஏழே முக்காலுக்குக் கிளம்பி எட்டே முக்காலுக்குச் சேர்ந்தோம். நான் பின்னால இருக்கேன்னு மெதுவாத்தான் ஓட்டினா. ஒன்பது மணிக்குக் கோட்டை திறந்ததும் ஆளுக்கு இருபத்தஞ்சு ரூபாய் டிக்கெட். ராஜகிரி உச்சிக்கு ஏற நேரம் இல்ல. கீழேயே கல்யாண மஹால், நெற்களஞ்சியம் எல்லாம் சுத்தினோம். அந்தக் களஞ்சியத்துக்குள்ள நின்னு பேசினா நம்ம குரலே பெருசாக் கேட்குது. பேத்தி பேரைச் சொல்லிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு.

பத்தே முக்காலுக்கு வெளிய வந்தோம். வெயில்ல நின்ன வண்டி செல்ப் அமுக்கினா கம்முனு இருக்குது. கிக்கரும் கிடையாது. மலர் ஹாரன் அடிச்சுப் பார்த்தா, லைட்டு போட்டுப் பார்த்தா. ரெண்டும் நல்லா இருக்குது, அப்ப பேட்டரி குத்தம் இல்லன்னு சொன்னா. இன்ஜினை நிறுத்துற சிவப்பு சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, பியூஸ் எல்லாம் பார்த்தா. மணி பதினொண்ணு. அவ முகம் வாடிப் போச்சு.

ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து, தள்ளினா கிளம்பிடும்னார்.

"கிளம்பும் அண்ணா. பாதி வழியில ஆஃப் ஆனா எங்க ஆயாவா தள்ளும்?"

ஏன், தள்ள மாட்டனான்னு கேட்டேன். அந்த நிலைமையிலும் சிரிச்சுட்டா.

இந்த வண்டிக்குக் கிளட்ச் பிடிச்சாத்தான் செல்ப் எடுக்குமாம். பிடிக்கும்போது அடியில ஒரு சின்ன சுவிட்ச் டிக்குனு சொல்லணும். மலர் பிடிச்சுப் பார்த்தா, சொல்லல. ஆட்டோக்காரர் குனிஞ்சு பார்த்துட்டு, பூஜை போட்டது யாருன்னு கேட்டார். நான்தான். காலையில கண்ணாடியில இருந்து கிளட்ச் வரைக்கும் ஒரு இடம் விடாம சந்தனம் அப்பியிருந்தேன். வெயில்ல அது சிமெண்டு மாதிரி காஞ்சு, சுவிட்ச்சோட சின்ன ஊசியை உள்ளயே பிடிச்சுக்கிச்சு.

"பொட்டு வெச்சது சரி ஆயா, அதுக்குன்னு கண்ணுக்குள்ளயா அப்புவாங்க?"ன்னார் ஆட்டோக்காரர்.

வளையல்ல மாட்டியிருந்த சேப்டி பின்னைக் கழட்டினேன். சாவியை எடுத்துட்டு, ஈரத் துணியால சந்தனத்தை ஊற வெச்சு, அந்தப் பின்னை வெச்சு கொஞ்சம் கொஞ்சமா நானே சுரண்டினேன். டிக்குன்னுச்சு. செல்ப் அமுக்கினதும் வண்டி உறுமுச்சு. பதினொண்ணே கால்.

கோட்டைக்கு வர்றவங்க ஒன்பதுக்கே வந்துடுங்க, தண்ணி எடுத்துக்குங்க, வண்டியை நிழல்ல விடுங்க. பூஜை போடுங்க, வேணாங்கல. சுவிட்ச் இருக்கிற இடத்தை மட்டும் விட்டுடுங்க.

பள்ளிக்கூடத்துல நான் வராண்டாவுல உட்கார்ந்தேன். உள்ள ஆறாம் கிளாஸ் பிள்ளைங்க. மலர் என்னமோ படிச்சுட்டு வந்தவ, அதை விட்டுட்டு கரும்பலகையில அந்தக் கிளட்ச் சுவிட்ச்சைப் போட்டா. கரண்ட் எப்படிப் போகும், சந்தனம் காஞ்சா எங்க நிக்கும்னு சொன்னா. அப்பினது யாருன்னும் சொல்லிட்டா. பிள்ளைங்க எல்லாம் சன்னல்ல எட்டிப் பார்த்துச் சிரிச்சு கை ஆட்டுச்சுங்க. நானும் ஆட்டினேன்.

திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க. நான் அஞ்சாவதோட நின்னவ. ஆறாம் கிளாஸ்ல ஒரு பாடமா இப்பத்தான் போனேன்.