தூரமாய்ப் போன பள்ளிக்கூடம்

நானும் என் தோழியும் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்தபோது, எங்கள் ஜுக்கியிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. ஜுக்கி என்றால் குடிசை. டெல்லியில் எங்களைப் போன்றவர்கள் வாழ்ந்த குடியிருப்பு முழுவதற்கும் அதுதான் பெயர். எங்களுடையது ரயில் பாதைக்கும் சாக்கடைக் கால்வாய்க்கும் நடுவே இருந்தது. விழுப்புரம் பக்கத்துச் சேரிகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் எல்லோரும். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்கள் பக்கத்து ஜனக்புரியில் தமிழர் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியில்தான் நாங்களும் படித்தோம்.

வகுப்பில் பாதிப் பேர் தங்களுக்குள் இந்தியில்தான் பேசிக்கொள்வார்கள். எங்கள் தமிழைக் கேட்டால் சிரிப்பார்கள். தமிழ்ப் பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் எங்கள் பெஞ்சுக்கு வந்து நெருக்கி உட்கார்வார்கள். எனக்கு அது அவமானமாக இருக்கும். அவளுக்கு இல்லை. "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, நமக்கு இன்னா" என்று சொல்லிவிட்டு அவர்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பாள்.

அவளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. அதனால் ஜுக்கியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவளைத்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த கர்ப்பிணிப் பெண்கள் அவள் காதில் ரகசியமாகச் சொல்வதை அவள் டாக்டரிடம் உரக்கச் சொல்ல வேண்டும். ஒருநாள் அப்படிப் போய்விட்டு வரும் வழியில் என்னிடம் சொன்னாள்.

"நானே நர்ஸா உள்ள உக்காந்துட்டா நம்ம ஜனங்க நேரா சொல்லிக்கலாம்ல? நடுவுல எதுக்குடி ஒரு ஆளு?"

அவள் அறிவியல் எடுத்தது அதற்காகத்தான். நான் எடுத்தது அவள் எடுத்தாள் என்பதற்காக.

அந்தக் குளிர்காலம் முடியும் சமயத்தில் ஜுக்கியை இடித்தார்கள். காலையில் போலீஸ் வேன்கள் வந்து நின்றன, பின்னால் புல்டோசர். பழைய ரேஷன் கார்டு வைத்திருந்த குடும்பங்களுக்கு டெல்லியின் வடக்கு ஓரத்தில், ஹரியானா எல்லையை ஒட்டி, ஆளுக்கொரு துண்டு நிலம் என்றார்கள். பிந்தி வந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அவள் குடும்பத்துக்கு நிலம் கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தகரம், கட்டில், அடுப்பு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டு அவளுடைய அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி வருசத்துக்கு அப்பறம் நம்ம பேர்ல ஒரு எடம்க்கா. சாக்கடை ஓரம் இல்ல, சொந்த எடம்."

என் அம்மா அவர் போகும்வரை சிரித்த முகமாக இருந்துவிட்டு, இடிந்து கிடந்த சுவரின் மேல் உட்கார்ந்து அழுதார். நாங்கள் ஜனக்புரிக்குப் பின்னால் ஒரு நெரிசலான சந்தில் ஒரே அறையை வாடகைக்கு எடுத்து, மாமா குடும்பத்தோடு அடைந்துகொண்டோம். அன்றைக்கு யாருக்கு நல்லது நடந்தது என்று கேட்டிருந்தால் எல்லோருமே அவர்களைத்தான் காட்டியிருப்போம்.

முதலில் அவள் பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். விடியும் முன்பே பஸ் ஏறி, நடுவில் இன்னொன்று மாறி, முதல் பீரியட் பாதியில் வந்து நிற்பாள். வேதியியல் டீச்சர் மற்ற ஆசிரியர்களிடம் பேசி, அவளைக் கேள்வி கேட்காமல் உள்ளே விடச் செய்தார். பஸ்ஸில் ஒருவன் தினமும் வந்து உரசினான். அவனைக் குத்துவதற்காகச் சீருடையில் ஊக்கு ஒன்றைச் செருகிக்கொண்டு வந்தாள். வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். நான் முழங்கையால் இடிப்பேன்.

அதைப் பார்க்கச் சகிக்காமல் என் அம்மா அவளை எங்களோடு இருக்கச் சொன்னார். அவளுடைய அப்பா வேலை தேடி பானிபட் பக்கம் போயிருந்தார். அவள் அம்மா தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். அந்தக் கொஞ்ச நாள்தான் நாங்கள் இருவரும் நிஜமாகப் படித்த காலம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, அவள் கணக்குகளைப் பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் விளக்குவாள். டீச்சர் சொன்னபோது புரியாதது அவள் சொன்னால் புரியும். பதினோராம் வகுப்புப் பரீட்சையில் அவள்தான் பிரிவிலேயே முதல்.

பிறகு வீட்டுக்காரர் வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்து, "இதென்ன வீடா, தர்ம சத்திரமா?" என்று இந்தியில் கேட்டார். ஒரு தலை கூடினாலும் காலி செய்ய வேண்டியதுதான் என்றார். அவள் அவரோடு வாதாடவில்லை. மறுநாளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதியியல் டீச்சர் என்னை அழைத்துக்கொண்டு அங்கே போனார். நான் அந்த இடத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வயல்வெளிக்கு நடுவே சுண்ணாம்புக்கோடு போட்டுப் பிரித்த மனைகள். ஒரு மரம் இல்லை. பள்ளிக்கூடம் என்று ஒரு கூடாரம் இருந்தது, அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு. மூங்கிலும் தகரமும் வைத்துக் கட்டிய வீட்டில் அவளுடைய அம்மா எங்களை உட்காரவைத்தார்.

டீச்சர், "இன்னும் ஒரே வருஷம்தாம்மா. இவ மாதிரி ஒரு பொண்ண நான் பாத்ததில்ல. எப்படியாவது அனுப்புங்க" என்றார்.

"எனக்குத் தெரியாதா டீச்சர்? இங்க வேல ஒண்ணும் இல்ல. பழைய வூடுங்களுக்கே மொத பஸ்ஸுல நான் போறேன், இருட்டுனப்பறம் வரேன். சின்னதுங்க ரெண்டையும் யாரு பாக்கறது? தண்ணி லாரி வந்தா யாரு புடிக்கறது? நீங்களே ஒரு வழி சொல்லுங்க. நீங்க சொல்றத செய்யறேன்."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டித்தான் கேட்டார். விடுதிகளில் கேட்டுப் பார்ப்பதாக டீச்சர் சொன்னார். பின்னால் கேட்டும் பார்த்தார். கல்லூரிப் பெண்களுக்கு மட்டும் என்றார்கள், டெல்லியிலேயே வீடு இருப்பவர்களுக்கு எதற்கு விடுதி என்றார்கள். அன்று அவள் கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். தங்கை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் ஏறிடும் டீச்சர், கெளம்புங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் நான் மட்டும் போய் அவளைப் பார்த்தேன். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவளே என்னைக் கட்டிக்கொண்டு, "பாஸாடி? எனக்குத் தெரியும்டி" என்று குதித்தாள். பிறகு உட்கார்ந்ததும் கேட்டாள்.

"பன்னெண்டாவதுல கெமிஸ்ட்ரில இன்னாடி இருந்துச்சு? கடைசிப் பாடம் வரைக்கும் நடத்தினாங்களா?"

நான் எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். சின்ன மூலக்கூறுகள் கையைக் கோத்துக்கொண்டு நீளமான சங்கிலியாவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் குடத்தைத் தொட்டு, "இது கூடவா?" என்றாள். "இதுவும்தான்" என்றேன். சினிமாக் கதை கேட்பதுபோல் கண்ணை எடுக்காமல் கேட்டாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது. பெண்கள் ஓடும் சத்தம். அவள் அதே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் நனைந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவள் வீட்டு வரிசையிலேயே இருந்த ஒரு பெயின்டருக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். நல்லவர்தான். இரண்டு குழந்தைகள் பிறந்தன. அவள் பக்கத்தில் ஒரு செருப்புக் கம்பெனியில் பசை தடவும் வேலைக்குப் போனாள். திறந்தநிலைப் பள்ளி மூலம் வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம் என்று நான் பாடப்புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தேன். படித்தாள். பரீட்சை சமயத்தில் சின்னவனுக்கு டைபாய்டு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் வேறு ஏதாவது பேசுவாள்.

நான் படிப்பை முடித்து குர்கானில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். வேதியியல் டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு, அவரும் நானும், என்னோடு வேலை பார்த்த சில தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து ஜனக்புரியில் இரண்டு அறைகள் எடுத்தோம். தூரத்துக் குடியேற்றங்களிலிருந்து வரும் பெண்கள் பன்னிரண்டாவது முடிக்கும்வரை தங்கிப் படிக்க ஒரு இடம், அவ்வளவுதான். யார் தங்கப்போகிறார்கள் என்று சொன்னதும் கதவைச் சாத்திய வீடுகளே அதிகம். கடைசியில் டீச்சர் தன் பெயரில் எடுத்து, தானும் அங்கேயே ஒரு மூலையில் குடிவந்தார்.

அங்கே முதலில் வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி அவளுடைய தங்கை. அன்று பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இப்போது ஒன்பதாவது. கொண்டுவந்து விட அவளே வந்தாள். இரண்டடுக்குக் கட்டில்கள், படிக்கும் மேசை, வரிசையாக மாட்டிய சீருடைகள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டீச்சர் அவள் தலையில் கைவைத்தார். பிறகு டீ போடப் போய்விட்டார்.

"நா இதுல கொஞ்சம் உக்காரட்டுமா?" என்று கீழ்க்கட்டிலைக் காட்டினாள்.

"கேக்கணுமாடி?"

உட்கார்ந்தாள். போர்வையைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சாய்ந்தாள். நாங்கள் தங்கையின் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள். விரல் நகங்களில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. முன்தலையில் நரை. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. டீச்சர் கொண்டுவந்த டீயை ஜன்னலில் வைத்துவிட்டு, மின்விசிறியைக் கூட்டினார்.

வெயில் தாழ்ந்ததும் திடுக்கிட்டு எழுந்தாள். "ஏண்டி எழுப்பல? பிள்ளைங்க பாத்துட்டு இருக்கும்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். பஸ் வந்து நின்றதும் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "அவளுக்கு ராத்திரியில கால் இழுத்துக்கும், யாரையாச்சும் கொஞ்சம் நீவிவிடச் சொல்லு" என்றாள். கூட்டம் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. எந்த ஜன்னல் பக்கம் நிற்கிறாள் என்று தேடினேன். தெரியவில்லை.