முழங்காலில் போட்ட கோடு

கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே வேன் ஓட்டும் குமரேசனை ஸ்டாண்டில் ‘லாரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் வேன் ஒரு பக்கம் இறங்கும். அதில் அவருக்குக் கோபம் கிடையாது, பெருமைதான். ஊரே இருமிக்கொண்டிருந்தபோதும் தனக்கு ஒரு தும்மல் வந்ததில்லை என்பார். நோயெல்லாம் ஒல்லியாக இருப்பவனைத்தான் தேடி வரும் என்பது அவர் கட்சி. மனைவி கஸ்தூரியின் தம்பி பாலாஜி எதிரே வந்தால், “காத்தடிச்சா பறந்துடுவ மச்சான், பாத்துப் போ” என்று சீண்டாமல் விட மாட்டார்.

வைகாசி பௌர்ணமிக்கு ராத்திரி சவாரி நிறைய இருக்கும் என்பதால், மாமனும் மச்சானும் காலையிலேயே கிரிவலம் கிளம்பினார்கள். பாதி தூரத்தில் வெயில் ஏறித் தார் ரோடு கொதித்தது. செருப்பில்லாத கால்கள் இருவருக்கும் கொப்பளித்தன. பாலாஜிக்குத் தோல் உரிந்து சீக்கிரமே ஆறிவிட்டது. குமரேசனுக்கு வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து, ஈரம் காயவே இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று சுகர் டெஸ்ட் எடுத்துப் பார்த்தார். நார்மல். அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. “சுகரே இல்ல, புண்ணு ஆறாம எங்க போவும்?” என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு கால் சிவந்து வீங்கியபோது, மடித்துவிட்ட பேன்ட்டைக் கணுக்கால் வரை இழுத்து மறைத்தார். கஸ்தூரி கேட்டால், “அதெல்லாம் எப்பவோ ஆறிடுச்சி” என்று ஒரே போடு.

ஒரு மத்தியானம் வேங்கிக்கால் ஊரைத் தாண்டும்போது ஸ்டியரிங் பிடித்த கை உதறியது. கொளுத்துகிற வெயிலில் பல்லைக் கிட்டும் குளிர். வலது காலைத் தூக்கினால் வரவில்லை. யாருடைய காலோ மாதிரி கனத்துக் கிடந்தது. பின்னால் வண்டி நிறைய ஜனம். இடது காலைக் கொண்டுபோய் பிரேக்கை மிதித்து, எப்படியோ ஓரங்கட்டினார். அன்றுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நந்தினி காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சிவப்பு முடிகிற இடத்தில் பேனாவால் சுற்றிக் கோடு போட்டார்.

“கிருமி தோலுக்கு அடியில ஏறிட்டு இருக்கு. மருந்து கேட்டா செவப்பு இதுக்குள்ள நிக்கும். தாண்டினா உடனே நர்ஸ்கிட்ட சொல்லுங்க. உள்ள சதை அழுக ஆரம்பிச்சா காலுக்கே ஆபத்து.”

“எனக்குதான் சுகர் இல்லையே மேடம்?”

“சுகர் இல்ல, சரி. எடை இருக்கே? தீபத்துக்கு ஊரு பூரா போலீஸ் பந்தோபஸ்து போடறாங்க இல்ல, அதே போலீஸை வருஷம் முழுக்க ரோட்டுல நிக்க வெச்சா? நிஜமா திருடன் வரும்போது ஓஞ்சி போயிருப்பாங்க. கொழுப்பு ஜாஸ்தியானா ஒடம்புக்குள்ள எப்பவும் ஒரு அழற்சி இருந்துட்டே இருக்கும். எதிர்ப்பு அணுக்கள் காரணமே இல்லாம கலாட்டா பண்ணிட்டு இருக்கும், கிருமி வந்தா சரியா பிடிக்காது. கால்ல ரத்த ஓட்டமும் கம்மி.”

வலது கால் போனால் வண்டி போச்சு. வண்டியை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. குமரேசன் கோட்டைப் பார்க்கத் தலையைத் தூக்கினார். வயிறுதான் தெரிந்தது. எக்கிப் பார்த்தார், ஒருக்களித்துப் பார்த்தார். எழுந்து உட்காரலாம் என்றால் தலை சுற்றியது. இத்தனை நாள் செல்லமாகத் தடவிக்கொண்டிருந்த தொப்பை குறுக்கே மறித்துக்கொண்டு நின்றது.

“தாண்டிச்சா பாரு கஸ்தூரி.”

“தாண்டலங்க.”

எப்போது கேட்டாலும் அதே பதில். பாலாஜியும், “அப்படியேதான் இருக்குது மாமா” என்றான். ஆனால் அக்காவும் தம்பியும் வராந்தாவில் குசுகுசுத்தது அவர் காதில் விழுந்தது.

மறுநாள் காலை டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார். குமரேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பேனா முனை ஜில்லென்று முழங்காலுக்கு மேலே பட்டது. நர்ஸிடம் வேறு மருந்து போடச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

“ஏன்டி பொய் சொன்ன?”

“நீங்க மட்டும் ஆறிடுச்சின்னு சொல்லல?” கஸ்தூரி உடைந்து அழுதாள். “தாண்டின ஒடனே நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டதான் சொல்ல வாய் வரல.”

அதற்கப்புறம் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். கேட்டால் ஏதாவது சொல்வாள்; அதை நம்புவதா வேண்டாமா என்று கிடந்து தவிப்பது இன்னும் பெரிய பயமாக இருந்தது. புது மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. கண்ணை மூடினால் வேன் மட்டும் ஸ்டாண்டில் தனியாக நின்றது, சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கஸ்தூரியே, “எறங்கியிருக்குதுங்க” என்றாள். எழுந்து பார்க்க அவருக்கு இன்னும் தெம்பில்லை. அவள் முகத்தையே பார்த்தார். அன்றைக்குத் தாண்டவில்லை என்று சொன்னதும் இதே முகம்தான்.

“செவப்பு முடியற எடத்துல வெரல வெய்யி.”

விரல் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது.

“அதுக்கு மேல அமுத்து.”

முன்பு போர்வை பட்டாலே துடித்த இடம். அமுத்தினாள். வலிக்கவில்லை.

“இப்ப கீழ.”

“ஐயோ!” வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். கஸ்தூரி பதறிக் கையை எடுக்கப் போனாள். அவர் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நெஜந்தான்டி சொல்லியிருக்க” என்று, அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார்.