ஹாலுக்கு நடுவே ஒரு தூண்

எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் என் கண் முதலில் தூணைத்தான் தேடும். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பெண்ணின் நகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் பால்கனி எதன்மேல் நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே கடைகளுக்காகச் சுவரே இல்லாமல் விட்டு, மேலே மூன்று மாடி ஏற்றிய ஹோட்டலில் எனக்குத் தோசை தொண்டையில் இறங்காது. இதனாலேயே என் மனைவி என்னோடு வெளியே சாப்பிட வருவதைக் குறைத்துக்கொண்டாள். நிலம் குலுங்கினாலும் சட்டென்று விழுந்துவிடாத மாதிரி கான்கிரீட் தூணையும் பீமையும் அவற்றுக்குள் போகும் கம்பியையும் கணக்கிட்டு வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "இஞ்ச எங்க சாரே பூமி குலுங்குது?" என்று கேட்பார்கள். "குலுங்கின பிறகு வந்து என்னிடம் கேளும்" என்று ஒருத்தரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்.

அண்ணன் வீடு கட்டப் போகிறான் என்றதும் அந்தக் கோபத்தை முடிந்தவரை அடக்கிக்கொண்டுதான் போனேன். அவனுக்குப் பாலராமபுரத்தில் சேலைக்கடை. கேரள எல்லையோர ஊரில் ரோட்டைப் பார்த்தபடி எங்கள் குடும்ப மனை, அதன் பின்னால் பழைய வீடு. அந்த வீட்டில் அண்ணனும் மதினியும் அம்மையும் இருந்தார்கள். அம்மைக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சுக்கு மட்டும் ஒரு குறையுமில்லை. தினமும் கடைக்குப் போகும் முன் அண்ணன்தான் அவளை இரண்டு கையிலும் ஏந்திக் குளிமுறிக்குக் கொண்டுபோவான். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறவன் நான். அதனால் புது வீட்டில் அவன் கேட்டது எதையும் மறுக்க எனக்கு நாக்கு எழவில்லை. கீழே மூன்று கடை, மேலே வீடு, அதில் கிழக்குப் பார்த்த ஜன்னலோடு அம்மைக்கு ஒரு பெரிய அறை. "அம்மை கெடந்துட்டே மலையப் பாக்கணும்லே" என்றான். வரைந்து கொடுத்தேன்.

கடைக்காகத் திறந்து விட்ட கீழ்த்தளம்தான் நிலநடுக்கத்தில் முதலில் மடங்கும். மேலே சுவரும் ஜன்னலுமாக இறுக்கமாக இருக்கும், கீழே வெறும் கால்கள். அதனால் கால்களைப் பருமனாக்கினேன். படிக்கட்டுப் பக்கம் கான்கிரீட் சுவர் எழுப்பினேன். அதில் ஒரு கடையின் அகலம் குறைந்துபோனதால் அண்ணன் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தூணும் பீமும் சேருகிற இடத்தில், கம்பியைச் சுற்றி வரும் ரிங்குகளை நெருக்கி நெருக்கிப் போட்டு, நுனிகளை உள்ளே மடக்கச் சொன்னேன். பூமி ஆடும்போது முதலில் பீம் வெடிக்கட்டும், தூண் நிற்க வேண்டும். வீடு கெட்டுப் போகலாம். ஆனால் உள்ளே இருக்கிறவர்கள் வெளியே ஓடி வருகிறவரை அது விழக் கூடாது. அதற்குத் தூண் ஒவ்வொன்றும் அஸ்திவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே நேராகப் போக வேண்டும். இதை மேஸ்திரியிடம் சொன்னேன், அண்ணனிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

தளத்துக்குக் கான்கிரீட் போடுவதை எங்கள் பக்கம் வார்ப்பு என்போம். வார்ப்பு நாள் என்பது பாதிக் கல்யாணம். நேரம் குறித்து, சொந்தக்காரர்களை அழைத்து, பந்தல் போட்டு, வேலைக்காரர்களோடு சேர்த்து எல்லோருக்கும் பாயசத்தோடு இலைச்சாப்பாடு. அன்று நான் போனபோது மெஷின் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. மதினி பந்தலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாஸ்து பார்க்கிறவர் வெள்ளறடையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, நாற்காலியில் சாய்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். கிழக்கே மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் எல்லோருக்கும் அவசரம். முந்தின நாள் மத்தியானமே ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் இன்னொரு முறை பார்க்கலாம் என்று மேலே ஏறினேன்.

நடுத்தூணின் கம்பிகள் இருந்த இடத்தில் இல்லை.

கீழ்த்தூணுக்குள்ளிருந்து எழுந்து, மேல்தளத்துக்கு மேலே நேராக நிற்க வேண்டிய கம்பிகளை இரும்புக்குழாய் மாட்டி நெம்பி வளைத்திருந்தார்கள். அவை தளத்துக்குள் பக்கவாட்டில் படுத்து, இரண்டடி தள்ளிப் போய், மறுபடியும் நிமிர்ந்து நின்றன. மேலே எழும்பப் போகிற தூண் இனிக் கீழ்த்தூணின் தலைமேல் நிற்காது, பீமின் முதுகில் உட்காரும். கூரையின் பாரமெல்லாம் அந்தப் பீமின்மேல் இறங்கும். பூமி ஆடினால் முதலில் கைவிட்டுப் போகும் இடம் அதுதான். அதை ஒட்டித்தான் அம்மையின் அறைச்சுவர் வருகிறது.

"யாரு செய்த வேலை இது?" என்று கத்தினேன். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அண்ணன்தான் சார் சொன்னாரு. நேத்து வைகிட்டு, நீங்க பாத்துட்டுப் போன பெறவு வந்து நிண்ணு செய்ய வச்சாரு. உங்ககிட்ட சொல்லியாச்சுன்னு சொன்னாரு."

அண்ணன் கையில் முதல் சட்டிக் கான்கிரீட்டோடு மேலே வந்தான். முதல் சட்டி வீட்டுக்காரன் கையால் விழ வேண்டும் என்பது வழக்கம். அதைப் பழைய வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மையை வலக்கையால் தொடவைத்து வாங்கி வந்திருந்தான். புது வேட்டியில் சிமென்ட் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது.

"இதை யாரைக் கேட்டு வளைச்சே?" என்றேன்.

"சூத்திரம் மறியுதுலே. வாஸ்துக்காரர் சொன்னாரு."

வீட்டின் நடுவழியாக முன்வாசலிலிருந்து பின்பக்கம் வரை போகிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத்தான் சூத்திரம் என்பார்கள். சுவரோ தூணோ அதை மறிக்கக் கூடாதாம். அதற்காகக் கதவை நகர்த்திக் கொடுத்திருக்கிறேன், ஜன்னலை நகர்த்திக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனால் தூணை நகர்த்தச் சொல்ல இந்த மனிதர் யார் என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. தளத்தின் விளிம்புக்கு வந்து கீழே பார்த்து, அத்தனை பேர் முன்னாலும், "உமக்கு மேல விழுந்தா தாங்குவீரா?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். கோபப்படவே இல்லை. "ஒரு துவாரம் மதியெந்நல்லே ஞான் பறஞ்ஞது?" என்று மலையாளத்தில் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். தூணில் விரல் நுழைகிற மாதிரி ஒரு துவாரம் விட்டாலே சூத்திரம் கடந்துபோகும், அது போதும் என்றுதான் அவர் சொன்னாராம். தூணை மாற்றச் சொல்லவே இல்லையாம்.

அப்படி ஒரு துவாரத்தை நான் சந்தோஷமாகவே கொடுத்திருப்பேன். தூணின் பாதி உயரத்தில், கம்பிகளுக்கு நடுவே, ஒரு சின்னக் குழாய் வைத்தால் கணக்குக்குள் அடங்கிவிடும். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"செரிலே. எனக்குத்தான் வேண்டாம். ஹாலுக்க நடுவுல ஒரு தூண் நிண்ணா நாலாளு என்ன சொல்லுவான்? சோபாவுல இருக்கவனுக்கு டிவி தெரியண்டாமா? ஊரு முழுக்க எல்லாவனும் வீடு கட்டுதான். இவ்வளவு காலமா எந்த வீடு விழுந்துது?"

"அண்ணே, இண்ணைக்கு வார்ப்பு வேண்டாம்."

"வந்தவங்க இருக்காங்க. நேரம் போயிட்டு இருக்கு. மழை வருது. நீ எறங்கு."

"எறங்க மாட்டேன்."

"எனக்க வீடாக்கும் இது."

"வரைஞ்சது நானாக்கும்."

போய் அந்த வளைந்த கம்பிகளுக்கு நடுவே இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். ஊற்றுவதானால் என் காலோடு சேர்த்து ஊற்று என்றேன். இப்போது நினைத்தால் சினிமா மாதிரி இருக்கிறது. சட்டி தூக்குகிற பெண்கள் சாரத்தில் வரிசையாக அப்படியே நின்றுவிட்டார்கள். மெஷின் மட்டும் கல்லும் மண்ணுமாக உருட்டிக்கொண்டே இருந்தது. அண்ணன் முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து நின்றான். சின்ன வயதில் அந்த முகத்தைப் பார்த்தால் நான் ஓடி ஒளிந்துவிடுவேன். சட்டியோடு என்னைப் பார்த்து இரண்டு அடி வந்தான். உண்மையிலேயே ஊற்றிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

மதினி சாரத்தில் ஏறி வந்தாள். உள்ளங்கையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. அவள் சண்டையை விலக்க வரவில்லை. என்னிடம் நேராகக் கேட்டாள்.

"தம்பி, நீங்க சொல்லுத மாதிரி நேராக் கட்டுனா, பூமி குலுங்குனாலும் வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதா?"

ஆகாது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே நான் ஜெயித்திருப்பேன். அப்படிச் சொல்ல வரவில்லை.

"ஒண்ணும் ஆகாதுன்னு யாரும் சொல்ல முடியாது மதினி. ஆனா நீங்க எறங்கி வெளிய ஓடுறவரைக்கும் நிக்கும். இப்பிடி வளைச்சு வச்சா அந்த நேரமும் கெடையாது."

"அப்பம் அம்மை?"

நான் பழைய வீட்டுப் பக்கம் பார்த்தேன்.

"நான் தூக்கிட்டு எறங்குவேன்" என்றான் அண்ணன்.

"நீங்க பாலராமபுரத்துல கடையில இருக்கும்ப குலுங்கினா?" மதினி அவன் பக்கம் திரும்பினாள். "அம்மையைத் திருப்பிப் படுக்க வைக்கவே எனக்கு ரெண்டு கை காணாது. நான் என்ன செய்யணும்? அவங்களைக் கட்டில்ல விட்டுட்டு ஓடணுமா? ரெண்டு பேரும் தூணுக்குத்தானே சண்டை போடுதீங்க. இதைச் சொல்லுங்க எனக்கு."

என் கணக்கில் எல்லோருக்கும் எழுந்து ஓடக் கால் இருந்தது. எத்தனை வீடு வரைந்திருக்கிறேன், எங்கேயும் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. அம்மைக்கு அந்த அறையை நானே மேலே போட்டுக் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் தூணுக்காகக் குதித்துக்கொண்டிருக்கிறேன். பூமியே பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அண்ணன் சட்டியை மெதுவாகப் பலகைத் தட்டின்மேல் வைத்தான். "மெஷினை நிறுத்துங்க" என்றான். குறித்த நேரம் போய்விடும் என்று கீழேயிருந்து யாரோ சொன்னார்கள். "போனா போட்டும்!" என்று அவன் கத்தின கத்தலில் மேஸ்திரியே ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார்.

மெஷினில் இருந்ததையெல்லாம் வாசலில் சேறு கிடந்த பள்ளத்தில் கொட்டினார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. வார்ப்பு நடக்காமலேயே வார்ப்புச் சாப்பாடு நடந்தது. பந்தல் ஒழுக ஒழுக எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். வாஸ்து பார்க்கிறவர் மட்டும் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அண்ணன் சாம்பார் வாளியோடு என் இலைக்கு வந்தபோது, ஊற்றாமல் நின்றான்.

"அந்தக் கம்பியைத் திரும்ப நிமிர்த்த முடியுமா?"

"நிமிர்த்தினா நம்ப முடியாது. கீழ்த்தூணுக்க மேல்பாதிய உடைச்சு, வேற கம்பி சேத்துக் கட்டணும்."

"நடுக்கடைய அடைச்சு அம்மைக்கு ரூமாக்குனா?"

"சுவர் வரும்ப திரும்பக் கணக்குப் போடணும். ஆனா செய்யலாம். நல்லது அண்ணே."

சாம்பாரை ஊற்றிவிட்டுப் போனான். ஹாலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு இரண்டு பேருமாகப் பழைய வீட்டுக்குப் போனோம். அம்மை விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். விரல் நுனியில் காலையில் தொட்ட சிமென்ட் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. மலை தெரிகிற ஜன்னலை எத்தனை தடவை அவளிடம் ஆசையாகச் சொல்லியிருப்பான்! அவள் வருத்தப்படுவாள் என்று நானும் பயந்துகொண்டுதான் நின்றேன்.

"அம்மா, உனக்க ரூமு மேல வேண்டாம்னு வச்சாச்சு. கீழத்தான். ஜன்னல்ல ரோடுதான் தெரியும்."

அம்மை கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நல்ல கையை நீட்டி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மேலன்னு சொன்ன அண்ணைக்கே எனக்குப் பயம் பிடிச்சாச்சு மக்கா. நீ அவ்வளவு ஆசையாச் சொன்னியா, நான் வாயத் தெறந்து மிண்டல்ல. என்னைய மேல ஏத்துனா, பின்ன நான் எறங்குறது ஒரே ஒரு தடவைதான் உண்டு. அதும் நாலு பேரு சேந்து தூக்கி."

அண்ணன் அவள் பிடித்த கையை விடுவித்துக்கொள்ளாமல், கட்டிலோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.